கறுப்பின மக்களின் ஏடு காத்த டாக்டர் உட்சன்

வாஷிங்டன் மாநகரின் ஒன்பதாவது வீதியில் 1538-ஆம் இலக்கமுள்ள மூன்று நிலைச் செங்கல் வீடு ஒன்று உண்டு. பார்வைக்கு மிகச் சாதாரணமான வீடுதான். 1922-ஆம் ஆண்டில் இதை விலைக்கு வாங்கிய மனிதர் மேல் நிலையில் தாம் குடியிருந்து கொண்டு, கீழ் நிலையைக் காரியாலயமாக்கி, மற்ற இடங்களையெல்லாம் புத்தகக் கட்டுகளுக்கும் பழங்கடிதங்களுக்கும் ஒதுக்கிவிட்டார். மனைவி மக்கள் இல்லை. அவ்வீதிச் சிறுவர்கள் அவரைப் புத்தகக்காரர் என்றே அழைத்தனர். அன்னார்தாம் டாக்டர் கார்ட்டர் காட்வின் உட்சன். ஐக்கிய அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களின் சரித்திரத்தை ஏடு தேடி, எண்ணி, அச்சேற்றி நிலைநாட்டியவர் இவரே. நம்மவரில் பலருக்கு இப்பெயர் புதிதாயிருக்கலாம். ஆகையால் அவரது வாழ்க்கையைச் சற்று விரிவாகவே ஈண்டுத் தருகின்றோம்.

வாசகர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். அக்காலத்தில் அம்மக்கள் தங்களையே நீக்ரோ என்ற சொல்லால் குறித்து வந்தனர். இன்று அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. உட்சன் நிறுவிய கழகத்தின் பெயரிலும் நூல்களின் பெயரிலும் அது இருப்பதால் அவ்விடங்களில் மட்டும் அதை அப்படியே விட்டிருக்கின்றோம்.

உட்சன் 1875-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் பக்கிங்ஹாம் மாவட்டத்தைச் சேர்ந்த நியூ காண்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹென்றி, தாய் எலைசா. இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். உள்நாட்டுப் போரின்போது தந்தை எசமானரிடமிருந்து தப்பியோடி வடபுலத்துச் சேனைக்கு உதவியவர். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆயினும், வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போவதையும் கைகட்டி நிற்பதையும் தம் மக்களுக்கு அவர் அனுமதித்ததில்லை. வறுமை மிகுந்த குடும்பம். ஆண்டுக்குச் சில மாதங்களே நடந்த கிராமப் பள்ளியில், தாயின் உடன்பிறந்தாராகிய மாமன்மார் இருவரிடம் உட்சன் எழுத்துப் படித்தார். அதுவும் வயல்வேலை இல்லாத நாட்களில் மட்டுமே. மாலை வேளைகளில் பழைய செய்தித்தாள்களைத் தந்தைக்கு வாசித்துக் காட்டுவது மகனுடைய கடமை.

வாலிபப் பருவத்தில் பிழைப்புத் தேடி மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனார். முதலில் ரயில் பாதைக்குக் கட்டை போடும் வேலை. பின்னர் நட்டல்பர்க் என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி. சரித்திர ஆசிரியர் ஒருவர் உருவாவதற்குச் சுரங்கம் ஏற்ற இடமா என்று கேட்கலாம். உட்சனைப் பொறுத்தவரை ஹார்வர்டுக்கு முந்திய சர்வகலாசாலை அதுவே எனலாம். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்றொரு தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் சிப்பாயாகப் போர் புரிந்தவர். அவர் தம் வீட்டையே ஒரு சிற்றுண்டிச் சாலையாக்கி, வேலை முடிந்து வரும் கறுப்பினச் சுரங்கக்காரர்களுக்குப் பழமும் ஐஸ்கிரீமும் விற்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால், தம் இனத்தார் எழுதிய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். உட்சனுக்குப் படிப்பு உண்டென்று அறிந்ததும், தினந்தோறும் வந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினால் பலகாரத்துக்குக் காசு வேண்டாம் என்று ஏற்பாடாயிற்று. வாசிப்பு முடிந்ததும் பேச்சுத் தொடங்கும். போரில் பங்கு கொண்ட முதியவர்கள் தாங்கள் கண்டதையும் பட்டதையும் சொல்வார்கள். அச்சில் எங்கும் வராத செய்திகள் அவை. இவர்கள் இறந்துவிட்டால் இவையெல்லாம் எங்கே போகும் என்ற எண்ணம் அந்த வாலிபருக்கு அங்கேயே உண்டாகிவிட்டது.

இருபதாவது வயதை எட்டும் தறுவாயில், 1895-இல், ஹண்டிங்டன் நகரின் பிரெடெரிக் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்தார். பின்னர் உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் விட்டுவிட்டுப் படித்து 1903-இல் பட்டம் பெற்றார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த அபூர்வமான கல்லூரி அது. அடுத்த ஆண்டே, 1904-இல், அப்படிச் சேர்ந்து படிப்பதைத் தடுக்கும் சட்டமொன்றைக் கென்டக்கி சட்டசபை நிறைவேற்றிற்று. இன்னும் சில காலம் தாமதித்திருந்தால் உட்சனுக்கு அப்பட்டம் கிட்டியிராது.

அப்பால் அவர் கப்பலேறி நம் பக்கத்துக்கே வந்தார். பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கர் ஆண்டுவந்த காலம். 1903 முதல் 1907 வரை அங்கே ஆசிரியராகவும், பங்காசினான் மாகாணத்துப் பள்ளிகளின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். ஊர் மக்களோடு பேச வேண்டுமென்று தபால் மூலமே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். அங்கே கண்ட ஒரு காட்சியைப் பிற்காலத்தில் தமது நூலொன்றில் அவர் விவரித்திருக்கின்றார். பெரிய பட்டங்களுடன் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்கள் பிலிப்பினோக் குழந்தைகளுக்கு ஆப்பிள் மரத்தைப் பற்றிய பாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆப்பிள் மரத்தைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகள் விழித்தார்கள். ஆசிரியப் பயிற்சி ஏதுமின்றி, இன்சூரன்ஸ் தொழிலிலிருந்து வந்த ஒருவர் மட்டும் அவ்வூரில் எங்கும் நிற்கும் லொம்போய் மரத்தை அப்பாட்டில் வைத்துப் பாடச் செய்தார். வாஷிங்டனுடைய கதைக்குப் பதிலாக, அம்மக்களின் சொந்த வீரரான ஹோசே ரிசாலின் வரலாற்றைச் சொன்னார். பிள்ளைகள் ஆர்வத்துடன் கற்றார்கள். லொம்போய் என்பது வேறொன்றுமில்லை. நம் நாவல் மரந்தான்! நாவற்பழம் தின்று நாக்குக் கறுத்த குழந்தைக்கு ஆப்பிளைப் பாடமாக வைப்பதில் உள்ள அபத்தத்தை உட்சன் கடைசி வரை மறக்கவில்லை. தம் நாட்டில் தம் இனத்துக் குழந்தைகளுக்கு நடப்பதும் இதுதானே என்று அவர் கண்டார்.

ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுப் பயணம் செய்து, பாரிஸ் நகரின் சொர்போனில் சிறிது காலம் பாடம் கேட்டு, தாயகம் திரும்பினார். சிக்காகோ சர்வகலாசாலையில் 1908-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு. அங்கே சரித்திரப் பேராசிரியராயிருந்த எட்வர்ட் சானிங் என்பவர், நீக்ரோவுக்குச் சரித்திரம் என்று ஒன்று கிடையாது என்ற எண்ணமுடையவராக இருந்தார் என்பது உட்சனின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. சானிங் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அன்றைய அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்களில் பெரும்பாலானவை அப்படியே எழுதப்பட்டிருந்தன. மாணவர் உட்சன் வாதம் செய்யவில்லை. வாஷிங்டனில் எம் வீதி உயர்நிலைப் பள்ளியில் பகலில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் காங்கிரஸ் நூலகத்தின் ஏடுகளைப் புரட்டினார். வர்ஜீனியா பிளவுபட்டு மேற்கு வர்ஜீனியா பிறந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதி, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் சரித்திரத்தில் அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவரில் இரண்டாமவர் இவர். முதல்வர் 1895-இல் பெற்ற டு பாய்ஸ். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்ற தனிச் சிறப்பும் உட்சனுக்கு உண்டு.

பட்டம் கிடைத்ததும் நல்ல உத்தியோகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் சிக்காகோ நகரில், வாபாஷ் அவென்யூ கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டிடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைக் கூட்டி, நீக்ரோ வாழ்வு வரலாறு ஆராய்ச்சிக் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டில்தான், அடிமைகளைக் கொடியவராகவும் அவர்களை வதைத்த கூட்டத்தாரை வீரராகவும் காட்டிய சினிமாப் படமொன்று அமெரிக்கா முழுவதும் வெற்றியுடன் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதங்களில், 1916 ஜனவரியில், நீக்ரோ வரலாற்று இதழ் என்ற முத்திங்கள் சஞ்சிகை வெளிவந்தது. அச்சுக்கூலிக்கு வேண்டிய 400 அமெரிக்க வெள்ளியைத் தமது ஆயுள் இன்சூரன்ஸ் பத்திரத்தின்மீது கடன் வாங்கிக் கட்டினார். நிர்வாக சபையாரைக் கலந்து கொள்ளவுமில்லை. சபையிலிருந்து ஒருவர் கோபித்துக்கொண்டு விலகியே போனார். சங்க நடைமுறை அறிந்தவர்கள் இதை மெச்ச மாட்டார்கள். ஆயினும், சபையார் கூடி முடிவெடுக்கும்வரை காத்திருந்தால் அந்த ஜனவரி இதழ் வந்திருக்குமா என்பது சந்தேகமே. அன்று தொட்டு இறக்கும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் அவ்விதழுக்கு அவரே ஆசிரியர்.

இனி அவர் செய்த வேலையின் தன்மையைப் பார்ப்போம். எழுதப் படிக்கக் கூடாதென்று பல மாநிலங்களில் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு ஆவணம் எங்கிருந்து வரும்? அமெரிக்க அரசாங்கம் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்தது. ஆனால், 1840 வரை எடுத்த கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்படும். ஏனையோர் வெறும் எண்ணிக்கை. அடிமைகளோ எசமானரின் பெயருக்குக் கீழே, இத்தனை ஆண், இத்தனை பெண் என்று இலக்கத்தால் மட்டும் குறிக்கப்பட்டனர். 1850, 1860 கணக்குகளில் அவர்களுடைய வயதும் பாலும் நிறமும் வந்தன. பெயர் அநேகமாக எங்குமே வரவில்லை. 1870-இல்தான் அம்மக்கள் எல்லாரும் பெயருடன் அரசாங்கப் புத்தகத்தில் ஏறினார்கள்.

உட்சன் 1830-ஆம் ஆண்டுக் கணக்கைக் கையிலெடுத்தார். விடுதலை பெற்ற கறுப்பினத்தார் அப்போதே சுமார் 3 இலட்சத்து 20 ஆயிரம் பேர் அமெரிக்காவில் இருந்தனர். அவர்களில் குடும்பத் தலைவர்களாயிருந்தோரின் பெயர்கள் அக்கணக்கேடுகளில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெழுதி, மாநிலம் மாவட்டம் என்று பிரித்து, 1925-இல் பெரும் புத்தகமாக அச்சிட்டார். திறந்து பார்த்தால் பெயர், வயதுப் பிரிவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. தூங்க வைக்கும் புத்தகம் என்று கூடச் சிலர் சொல்லக்கூடும். தங்கள் பாட்டனின் பாட்டன் பெயரைத் தேடும் குடும்பத்தாருக்கு அது எப்படிப்பட்ட பொக்கிஷம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பெயர்களை அகர வரிசைப்படுத்தும் வேலை ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தாம் பிற்காலத்தில் பெருங்கவிஞராகப் புகழ் பெற்ற லாங்ஸ்டன் ஹியூஸ். முப்பதாயிரம் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு, காலையில் காரியாலயத்தைத் திறப்பதும், தூசி துடைப்பதும், குளிர்காலத்தில் அடுப்புக்குக் கரி போடுவதும், அச்சுப்படி திருத்துவதும் அவருடைய வேலை. கண் வலி தாங்காமல் அவர் விலகி, ஓட்டல் ஒன்றில் மேசை துடைக்கப் போய்விட்டார். அந்த ஓட்டலில் தங்கிய புகழ் பெற்ற கவிஞர் ஒருவரின் கண்ணில் தம் பாடல்களைப் படும்படி வைத்துப் பேர் பெற்றார் என்பது வேறு கதை. ஆயினும், உட்சனைப் பற்றி அவர் பின்னாளில் மிகுந்த மரியாதையுடனேயே எழுதினார். ஊழியர்களைவிட அதிக நேரம் உழைத்தவர் முதலாளியே என்பதை அவர் மறவாமல் குறிப்பிட்டிருக்கின்றார். உட்சன் ஊரில் இல்லாதபோது ஊழியர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, அவர் எதிர்பாராமல் வந்து நின்ற கதையும் அவர் சொன்னதுதான். உட்சன் அப்போது யாரையும் அதட்டவில்லை. பின்னர் எல்லாரையும் அழைத்து, தம்மீதும் செய்யும் வேலையின்மீதும் அவர்களுக்குள்ள பொறுப்பை நிதானமாக எடுத்துச் சொன்னாராம். ஒருவரையும் வேலையைவிட்டு நீக்கவுமில்லை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். அதே 1830-ஆம் ஆண்டுக் கணக்கில் வேறொன்றும் உட்சனின் கண்ணில் பட்டது. விடுதலை பெற்ற கறுப்பினத்தாரிலேயே சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள்! தம் சமூகத்தின் பெருமையை நிலைநாட்டப் புறப்பட்டவருக்கு இது கசப்பான செய்திதானே. எதிரிகள் கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. வேறு ஒருவராயிருந்தால் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். உட்சன் 1924-இல் அப்பெயர்ப் பட்டியலையும் தனி நூலாகவே வெளியிட்டுவிட்டார். விளக்கமும் தந்தார். அவர்களில் பலர் தங்கள் மனைவியையோ மக்களையோ விலை கொடுத்து மீட்டவர்கள். மீட்டபின் விடுதலைப் பத்திரம் எழுதினால், வர்ஜீனியாவில் 1806-இல் வந்த சட்டப்படி, விடுதலை பெற்றவர் பன்னிரண்டு மாதத்தில் மாநிலத்தை விட்டே போக வேண்டும். ஆகவே, பெற்ற மகளைக் கணக்கேட்டில் அடிமையாகவே வைத்துக்கொண்டான் தகப்பன். ஆனால், எல்லாருமே அப்படியல்ல, இலாபத்துக்காக வைத்திருந்தவர்களும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவருடைய நூல்கள் பலவற்றுள் மிகச் சிறியதான இதையே நாம் முதலிடத்தில் வைப்போம்.

1926-இல் வந்த மற்றொரு தொகுப்பு, 1800 முதல் 1860 வரை கறுப்பினத்தார் எழுதிய கடிதங்களைக் கொண்டது. ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குக் குடியேற விரும்பியோர் எழுதியவை, அடிமை ஒழிப்பு இயக்கத்தாருக்கு எழுதியவை, சொந்தக்காரருக்கு எழுதியவை என்று பல வகை. ஒரு சமூகத்தின் மனத்தை அறிய, எசமானர்கள் எழுதி வைத்த குறிப்புகள் போதா. அச்சமூகத்தார் தம் கைப்பட எழுதியதைப் பார்க்க வேண்டுமென்பது அவர் கொள்கை. அதற்காகச் சஞ்சிகை மூலமாகவும் கடிதம் மூலமாகவும் பொதுமக்களை ஓயாமல் வேண்டினார். வீட்டுப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கும் கடிதம், நாட்குறிப்பு, விற்பனைச் சீட்டு எதுவாயினும் எறிந்துவிடாமல் அனுப்பும்படி கேட்டார். வந்தவற்றைத் தம் வீட்டிலேயே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1929 முதல் 1938 வரை ஏறத்தாழ 5,000 உருப்படிகளைக் காங்கிரஸ் நூலகத்தின் சுவடிப் பிரிவில் ஒப்படைத்தார். மாணவராயிருந்த காலத்தில் எந்த நூலகத்தில் தம் இனத்தாரின் ஏடுகளைத் தேடி அலைந்தாரோ, அதே நூலகத்தில் அவை இடம் பெற்றன.

கடல் கடந்தும் தேடச் செய்தார். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் பழைய ஸ்பானியப் பேரரசின் தஸ்தாவேஜுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அவற்றில் ஆராய்ச்சி செய்துவந்த ஐரீன் ரைட் என்ற அம்மையார் எடுத்துத் தந்த சில கடிதங்களை 1924-இல் தமது இதழில் வெளியிட்டார். பிளாரிடா ஸ்பானியர் வசமிருந்தபோது, ஆங்கிலேயரின் கரோலினாவிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளுக்கு விடுதலை தந்து, 1738-இல் செயின்ட் அகஸ்டின் நகருக்கு வடக்கே மோசே என்ற இடத்தில் கோட்டையும் குடியிருப்பும் அமைத்துக் கொடுத்த செய்தி அக்கடிதங்களில் இருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1980-களில், தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் சதுப்பு நிலத்தில் அவ்விடத்தையே தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவுக்கும் பணம்? ஆரம்ப காலத்தில் ஆசிரியச் சம்பளத்தில் பெரும்பங்கு இதற்கே போயிற்று. வணிகப் பிரபு ரோசன்வால்ட் ஆண்டுதோறும் 400 வெள்ளி கொடுத்து வந்தார். 1919-இல் ஹோவர்டு சர்வகலாசாலையில் துறைத் தலைமை கிடைத்தது. அதன் தலைவருடன் ஒத்துப்போகாமல் ஓராண்டிலேயே வெளியேறினார். மேற்கு வர்ஜீனியாக் கல்லூரியொன்றில் இரண்டாண்டு. அவ்வளவுதான் அவருடைய கல்லூரி வாழ்வு. 1921-இல் கார்னெகி நிதியத்தார் ஐந்தாண்டுகளில் 25,000 வெள்ளி தர முன்வந்தனர்; அடுத்த ஆண்டு ராக்பெல்லர் குடும்பத்து நிதியொன்றிலிருந்தும் அதே அளவு உதவி வந்தது. இதைக் கொண்டு முழுநேர ஆராய்ச்சிக்கு இளைஞர்களை அமர்த்தினார். மேலே சொன்ன கணக்கேட்டு நூல்கள் இக்காலத்து வேலைகளே.

பின்னர் நிலைமை மாறிற்று. கொடையாளர்களுக்கு ஆலோசகராயிருந்த சில செல்வாக்குடையோருக்கு உட்சனுடைய சுதந்திரப் போக்குப் பிடிக்கவில்லை. தனியே நடத்தாமல் ஏதேனும் ஒரு கல்லூரியுடன் கழகத்தை இணைத்துவிடுக, அப்படியானால் உதவி தொடரும் என்ற யோசனை வந்தது. நியாயமான யோசனை போலவே தோன்றும். அவருடைய நண்பர்களில் சிலரும் ஏற்றுக்கொள்ளும்படி வற்புறுத்தினர். ஆனால், அக்காலத்துக் கறுப்பினக் கல்லூரிகள் பலவும் வெள்ளையரின் கொடையை நம்பியே நடந்தவை. இணைந்துவிட்டால் எதை ஆராய்வது, எதை அச்சிடுவது என்பதைத் தீர்மானிக்கும் கை வேறாகிவிடும் என்று உட்சன் மறுத்தார். 1930-களில் பெரிய நிதியங்களின் வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. நாட்டில் பெரும் பொருளாதார மந்தம் வேறு. ஆராய்ச்சி உதவியாளர்களை வைத்திருக்க முடியாமற் போயிற்று. பெருந் திட்டங்கள் பல பாதியில் நின்றன. பிடிவாதத்தால் வந்த நஷ்டம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நஷ்டம் மெய்தான். ஆனால், கழகம் அம்மக்களின் கையிலேயே இருந்தது. பள்ளி ஆசிரியைகளும் திருச்சபைகளும் சிறு சங்கங்களும் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியாக அனுப்பிய பணத்தில் இதழ் தொடர்ந்து வந்தது. 1930-இல் லொரென்ஸோ கிரீன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் மாணவர் சிலருடன் மோட்டார் வண்டியில் புறப்பட்டு, தென்மாநிலங்களில் ஊர் ஊராக நூல்களை விற்றார். வேலையிழந்து நின்றவர்களும் கடனுக்கு வாங்கினார்கள்.

அச்சாமான்ய மக்களின் ஆதரவு திடீரென்று வந்ததல்ல. 1926 பிப்ரவரியில் நீக்ரோ வரலாற்று வாரம் என்ற ஒன்றை உட்சன் ஏற்படுத்தியிருந்தார். அடிமைகளை விடுவித்த லிங்கனின் பிறந்த நாளான 12-ஆம் தேதியையும், அடிமையாயிருந்து பெருந்தலைவரான பிரெடெரிக் டக்ளஸின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்ட 14-ஆம் தேதியையும் அம்மக்கள் முன்பே கொண்டாடி வந்தனர். புதிதாக ஒரு விழாவைத் திணிக்காமல், இருந்த விழாவின்மீதே தம் காரியத்தை ஏற்றினார். முதல் ஆண்டில் வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலக் கல்வி இலாகாக்கள் ஒத்துழைத்தன. படங்கள், சிறு நாடகங்கள், பாடக் குறிப்புகள் ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டி ஒன்பதாவது வீதியிலிருந்து பள்ளிகளுக்கு அனுப்பினார். இரண்டு மனிதர்களைப் போற்றும் வாரமாக அது முடிந்துவிடுவதை அவர் விரும்பவில்லை. உலக சரித்திரத்தில் அம்மக்கள் அனைவரும் பெற்ற இடத்தை ஆண்டு முழுவதும் படித்து, படித்ததை அவ்வாரத்தில் எடுத்துக் காட்ட வேண்டுமென்பதே அவர் எண்ணம். 1933-இல் எழுதிய கல்வி பற்றிய நூலிலேதான் நாம் முன்சொன்ன நாவல் மரத்துச் செய்தி வருகின்றது. 1937-இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே எளிய நடையில் மற்றொரு சஞ்சிகையையும் தொடங்கினார். கழகத்துக்கு அப்போது தலைவியாயிருந்தவர் கல்விப் பணியில் புகழ் பெற்ற மேரி மெக்லியோட் பெத்தூன் அம்மையார்.

பழகுவதற்கு எளிய மனிதரென்று அவரைச் சொல்ல முடியாது. சொல்லில் கடுமை, பிழை கண்டால் பொறுக்க மாட்டார், நண்பர்களுடனும் மோதல்கள் நேர்ந்தன. தமக்குப் பின் யார் என்ற ஏற்பாட்டிலும் போதிய கவனம் செலுத்தவில்லை. எல்லாக் காரியத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டதால், ஆப்பிரிக்க மக்களைப் பற்றிப் பல தொகுதிகளாக அவர் கொண்டுவர எண்ணிய கலைக்களஞ்சியம் முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது.

1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், அதே வீட்டில், மாரடைப்பினால் டாக்டர் உட்சன் காலமானார். வயது 74. மேரிலாந்து மாநிலத்தில் சூட்லாண்ட் என்ற இடத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய வாரம் 1976-இல் பிப்ரவரி மாதம் முழுவதுமாக விரிந்தது. இதழ் நிற்கவில்லை, 2002-இல் பெயர் மட்டும் மாறிற்று. ஒன்பதாவது வீதி வீடு 2006 முதல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் நினைவில்லமாக இருக்கின்றது. அவர் திரட்டிக் கொடுத்த 5,000 ஏடுகளும் காங்கிரஸ் நூலகத்தில், கேட்பவர் எவருக்கும் எடுத்துக் கொடுக்கும்படி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.